லயோலாவா, எஸ்.ஆர்.சி.சி.யா? வணிகவியல் பட்டத்துக்குக் கல்லூரி தேர்ந்தெடுத்தல்

பிளஸ் டூ வணிகப் பிரிவில் முன்வரிசை மதிப்பெண் எடுக்கும் தமிழ்நாட்டு மாணவர்களின் பேச்சில் இரண்டு கல்லூரிப் பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று சென்னை நுங்கம்பாக்கத்து லயோலா கல்லூரி. மற்றது டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்தில் இருக்கும் ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி, அதாவது எஸ்.ஆர்.சி.சி. திருவதிகை, பண்ருட்டி, நெய்வேலி வட்டாரத்திலிருந்து பார்த்தால் முதல் கல்லூரி ஏறக்குறைய நான்கு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கிறது. இரண்டாவதற்குப் போக, சென்னை சேர்ந்த பிறகு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இன்னும் 33 மணி நேரம் ஆகும். இரண்டிலும் இடம் பிடிக்கக் கடும் போட்டி. இரண்டிலும் இடம் கிடைக்கக்கூடிய மாணவர் எதை எடுப்பது என்பதற்கு ஊரில் கிடைக்கும் பதில், பெரும்பாலும் கல்லூரியின் புகழை ஒட்டியே இருக்கிறது. புகழ் ஒரு காரணம்தான். அது எந்த இடத்தில் செல்லும், எந்த இடத்தில் செல்லாது என்று பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

வயதில் இவை ஏறத்தாழ இரட்டையர். லயோலாவை இயேசு சபையினர் 1925இல் தொடங்கினார்கள். பிரெஞ்சுப் பாதிரியார் பிரான்சிஸ் பெர்ட்ராம் அதன் நிறுவனர். எஸ்.ஆர்.சி.சி. 1926இல் தொடங்கியது, டெல்லி கிளாத் மில்ஸ் ஆலையதிபர் சர் ஸ்ரீராமின் பெயரைத் தாங்கியிருக்கிறது. லயோலா கலை, அறிவியல், வணிகம் மூன்றும் உள்ள கல்லூரி. எஸ்.ஆர்.சி.சி.யில் இளங்கலை என்றால் பி.காம். ஆனர்ஸ், பி.ஏ. பொருளாதாரம் ஆனர்ஸ் ஆகிய இரண்டுதான். பி.பி.ஏ. என்ற பெயரில் அங்கே படிப்பு இல்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் மேலாண்மை இளங்கலை வேண்டுவோர் 1987இல் தொடங்கிய ஷஹீத் சுக்தேவ் கல்லூரியின் பி.எம்.எஸ். படிப்பைத் தேடிப் போகிறார்கள். லயோலாவில் பி.காம்., பி.காம். கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப், பி.பி.ஏ. எல்லாம் உண்டு. இந்தியாவில் இளங்கலை மட்டத்தில் வணிகக் கல்வியின் முதுகெலும்பு இன்னும் பி.காம்.தான் என்பதால் ஒப்பீட்டையும் அதை வைத்தே செய்யலாம்.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு எஸ்.ஆர்.சி.சி. திடீரென்று நெருக்கமானது 2010களின் கதை. அப்போது டெல்லிப் பல்கலைக்கழகத்தில் நுழைவுத் தேர்வு கிடையாது. ஒரு மொழிப்பாடமும் வேறு மூன்று பாடங்களும் சேர்ந்த சிறந்த நான்கின் சதவீதத்தை வைத்துக் கட்‑ஆஃப் அறிவிப்பார்கள். அதைத் தொட்ட அனைவருக்கும் இடம் தந்தாக வேண்டும். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் கணக்குப்பதிவியல், வணிகவியல், வணிகக் கணிதம் மூன்றிலும் 200க்கு 200 வாங்குவது அந்நாளில் நன்கு படிக்கும் பிள்ளைகளுக்கு எட்டக்கூடியதாக இருந்தது. மூன்று முழு மதிப்பெண்ணோடு ஆங்கிலத்தில் 190 சேர்ந்தால் 800க்கு 790, அதாவது 98.75 சதவீதம். டெல்லியில் எந்தப் பள்ளியிலிருந்து வருகிறார் என்பது பொருட்டில்லை; எண் மட்டுமே பேசும். 2016இல் முதல் பட்டியலிலேயே எஸ்.ஆர்.சி.சி.யில் தமிழ்நாட்டு மாணவர்கள் பெருமளவில் சேர்ந்தது தலைநகர நாளேடுகளில் செய்தியானது. இதற்கு முன்பே, 2011இல், வணிகப் பிரிவு படிக்காதவர்களுக்கு எஸ்.ஆர்.சி.சி. 100 சதவீதக் கட்‑ஆஃப் அறிவித்து நாடு முழுவதும் சர்ச்சை கிளம்பியிருந்தது. 2021இல் கேரள மாநில வாரிய மாணவர்கள் இதேபோல் டெல்லிக் கல்லூரிகளில் நிறைந்தபோது, வாரியங்களின் மதிப்பெண்ணை ஒன்றோடொன்று ஒப்பிட முடியுமா என்ற விவாதம் சூடுபிடித்தது.

2022இல் அந்த வாசல் மாறியது. பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட் வந்தது. அதை நடத்துவது தேசியத் தேர்வு முகமை. பிளஸ் டூ மதிப்பெண் தகுதி அளவுக்கு மட்டும் போதும் என்றானது. பி.காம். ஆனர்ஸுக்கு ஒரு மொழி, கணிதம் அல்லது கணக்குப்பதிவியல், அவற்றோடு வேறு இரு பாடங்கள் எழுத வேண்டும். ஒரு பாடத்துக்கு 50 கேள்வி, 60 நிமிடம். சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும். தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஆனால் பாடம் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை ஒட்டியது. ஐந்து மதிப்பெண் வினாவுக்கு முழுக் கணக்கும் போட்டு வரிவரியாக மதிப்பெண் சேர்த்துப் பழகிய மாநில வாரிய மாணவருக்கு, ஒரு நிமிடம் சொச்சத்தில் நான்கு விடைகளில் ஒன்றைக் குறிப்பது வேறொரு வித்தை. நெய்வேலி நகரியத்தில் மத்திய வாரியத்தில் படிக்கும் பிள்ளைக்கும், பண்ருட்டியில் மாநில வாரியத்தில் படிக்கும் பிள்ளைக்கும் 2016இல் இருந்த இடைவெளி இப்போது தலைகீழாகிவிட்டது.

லயோலாவின் வாசல் பழைய மாதிரியே இருக்கிறது. பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை. கல்லூரியே விண்ணப்பம் வாங்கி, கல்லூரியே பட்டியல் போடுகிறது. அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவின் கீழ் வரும் சிறுபான்மை நிறுவனம் என்பதால் கத்தோலிக்க மாணவர்களுக்குத் தனிப் பங்கு உண்டு. அரசு உதவி பெறும் முதல் ஷிப்டில் கட்டணம் குறைவு. சுயநிதி இரண்டாம் ஷிப்டில் அதைவிடப் பல மடங்கு. விண்ணப்பிக்கும் பல பெற்றோர் இந்த வேறுபாட்டைச் சேர்க்கைக் கடிதம் வந்த பிறகே கவனிக்கிறார்கள்.

உள்ளே நடக்கும் படிப்பைப் பார்த்தால் ஒரு விஷயம் பலருக்கு வியப்பளிக்கும். எஸ்.ஆர்.சி.சி.க்கென்று தனிப் பாடத்திட்டம் இல்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பி.காம். ஆனர்ஸ் பாடமே அங்கும்; பருவத்தேர்வில் வரும் வினாத்தாள், அதே பல்கலைக்கழகத்தில் பெயர் தெரியாத ஒரு கல்லூரி மாணவர் கையில் இருக்கும் அதே வினாத்தாள்தான். எஸ்.ஆர்.சி.சி.யைத் தனித்துக் காட்டுவது பாடப்புத்தகம் அல்ல. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர், மாலையில் நடக்கும் மாணவர் மன்றங்கள், மூன்றாம் ஆண்டில் வளாகத்துக்கு வரும் நிறுவனங்கள். லயோலா 1978 முதல் தன்னாட்சிக் கல்லூரி. பட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்தினுடையது; பாடத்திட்டமும் வினாத்தாளும் கல்லூரியினுடையவை. ஒரு பாடத்தை மாற்ற வேண்டுமென்றால் தன் பாடத்திட்டக் குழுவைக் கூட்டினால் போதும். பாடத்தின் தரத்தில் கல்லூரிக்கு உள்ள கை, லயோலாவில்தான் நீளம்.

காலத்திலும் ஒரு வேறுபாடு வந்திருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகம் 2022இல் சேர்ந்தவர்களிலிருந்து நான்காண்டு இளங்கலைக்கு மாறிவிட்டது. மூன்றாண்டு முடித்தும் பட்டத்தோடு வெளியேறலாம். தேசியக் கல்விக் கொள்கையை ஏற்காத தமிழ்நாட்டில் பி.காம். மூன்றாண்டுப் படிப்பாகவே தொடர்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுகலைக்கு விண்ணப்பிக்க நினைப்பவருக்கு நான்காம் ஆண்டு பயன்படக்கூடும். வேலைக்குப் போக நினைப்பவருக்கு அது டெல்லியில் இன்னொரு வருட வாடகை.

கல்லூரியின் பெயரைக் கேட்கும் வாசல்களும் இருக்கின்றன, கேட்காத வாசல்களும் இருக்கின்றன. எந்தக் கல்லூரி என்ற முடிவு முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் தொங்குகிறது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

கேட்கும் வாசல்களில் முதலாவது வளாக வேலைவாய்ப்பு. மெக்கின்சி, பாஸ்டன் கன்சல்டிங், பெயின் போன்ற ஆலோசனை நிறுவனங்கள் நாட்டின் எல்லாக் கல்லூரிகளுக்கும் போவதில்லை. இளங்கலை மட்டத்தில் அவை தொடும் சில கல்லூரிகளில் எஸ்.ஆர்.சி.சி. ஒன்று. முதலீட்டு வங்கி வேலைக்கும் இது பொருந்தும். அந்த நேர்முகத் தேர்வு வரை போக, வகுப்பு மதிப்பெண்ணோடு மாணவர் மன்றங்களில் பெற்ற பொறுப்புகளும் பார்க்கப்படுகின்றன. மன்றத்தில் சேர்வதற்கே நேர்முகம் வைக்கும் ஊர் அது. சரளமான ஆங்கிலமும் கொஞ்சம் இந்தியும் இல்லாமல் முதல் பருவத்தில் திணறும் மாணவர் உண்டு. இரண்டாம் பருவத்துக்குள் தேறிவிடுகிறவர்கள் அந்த வாசலுக்கு உரியவர்கள். சென்னையில் லயோலாவின் வளாகத்துக்கு வரும் நிறுவனங்களின் முகம் வேறு: பெரிய தணிக்கை நிறுவனங்கள், வங்கிகள், பன்னாட்டு நிறுவனங்களின் நிதிக் கணக்கு மையங்கள். வேலை கிடைக்கும், ஆரம்பச் சம்பளத்தின் உச்சி அவ்வளவு உயரமில்லை.

உச்சியை மட்டும் பார்ப்பதும் பிழை. செய்தித்தாளில் வருவது ஒரு மாணவர் வாங்கிய அதிகபட்சச் சம்பளம். நடுவில் நிற்கும் மாணவர் என்ன வாங்கினார் என்பதற்கு வேறு இடம் பார்க்க வேண்டும். தேசிய நிறுவனத் தரவரிசைக்காகக் கல்லூரிகள் ஒவ்வொரு ஆண்டும் தரும் விவரத்தில், வேலை பெற்றவர்களின் இடைநிலைச் சம்பளமும் மேற்படிப்புக்குப் போனவர்களின் எண்ணிக்கையும் இருக்கின்றன. அந்தத் தாள் கல்லூரி இணையதளத்திலேயே கிடைக்கிறது. அழகான விளம்பரக் கையேட்டை விட அதற்குப் பத்து நிமிடம் செலவிடுவது மேல்.

பெயரைக் கேட்காத வாசல்களின் பட்டியல் இதைவிட நீளம். மேலாண்மை முதுகலைக்கான கேட் தேர்வெழுதி ஐ.ஐ.எம். போகிறவரிடம் கேட் பர்சன்டைல், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்கள் கேட்கிறார்கள்; எந்தக் கல்லூரி என்பதற்குத் தனி மதிப்பெண் கிடையாது. யு.பி.எஸ்.சி., டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு எதிலும் இதே நிலை. இவ்வகை வாசல்களில் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு மிக நெருக்கமானது சி.ஏ. என்பதால் அதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

சி.ஏ. தேர்வை நடத்தும் பட்டயக் கணக்காளர் கழகம் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. பிளஸ் டூ முடித்தவர் ஃபவுண்டேஷன், இன்டர்மீடியட், ஃபைனல் என்று மூன்று படி ஏற வேண்டும். நடுவே ஆர்ட்டிகிள்ஷிப் என்னும் அலுவலகப் பயிற்சி. 2023 ஜூலையிலிருந்து நடைமுறைக்கு வந்த புதிய திட்டத்தில் இந்தப் பயிற்சி மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைந்தது. இன்டர்மீடியட்டின் இரண்டு குரூப்பும் தேறிய பிறகே பயிற்சியில் சேர முடியும். பழைய முறையில் ஒரு குரூப் தேறினாலே போதும் என்பதால், பகலில் ஆடிட்டர் அலுவலகம், மாலையில் கல்லூரி என்று ஓடிய தலைமுறை ஒன்று சென்னையில் உண்டு. மயிலாப்பூர் விவேகானந்தா, அரும்பாக்கம் டி.ஜி. வைஷ்ணவா போன்ற கல்லூரிகள் அந்த வழக்கத்தோடு சேர்ந்து வளர்ந்தவை. பயிற்சியாளர் வாரத்துக்கு 35 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். கல்லூரி நேரம் அலுவலக நேரத்தோடு மோதக் கூடாது. கல்லூரிப் படிப்பைத் தொடர 112ஆம் எண் படிவத்தில் கழகத்தின் அனுமதி வாங்க வேண்டும்.

புதிய திட்டத்துக்கு முழுநேரக் கல்லூரி நன்றாகவே ஒத்துப்போகிறது. ஃபவுண்டேஷன், இன்டர்மீடியட் இரண்டும் இப்போது ஆண்டுக்கு மூன்று முறை நடக்கின்றன. பி.காம். மூன்றாண்டுக்குள் இவ்விரண்டையும் முடித்துவிட்டு, பட்டம் வாங்கிய கையோடு பயிற்சியில் சேரலாம். இதற்கு வேண்டியது காலையிலோ மதியத்திலோ முழுதாகக் கிடைக்கும் ஒரு பாதி நாள். ஷிப்டு முறைக் கல்லூரி அதைத் தருகிறது. லயோலா இருக்கும் அதே நுங்கம்பாக்கத்தில் மகாத்மா காந்தி சாலையில்தான் கழகத்தின் தென்மண்டல அலுவலகமும் நூலகமும் இருக்கின்றன. டெல்லியில் இதற்கு வசதியில்லை என்று சொல்ல முடியாது. கிழக்கு டெல்லி லட்சுமி நகரில் தெருத்தெருவாகச் சி.ஏ. பயிற்சி மையங்கள்தான். ஆனால் வடக்கு வளாகத்திலிருந்து அங்கே போய்வர மெட்ரோவில் ஒரு நாளின் நல்ல பகுதி போய்விடும். அதைவிட முக்கியம், சி.ஏ. விடைத்தாளில் கல்லூரிப் பெயருக்கு இடமே கிடையாது. சி.ஏ. ஆனவரிடம் பெரிய நிறுவனங்கள் கேட்பது எத்தனையாவது முயற்சியில் தேறினார், எங்கே பயிற்சி எடுத்தார் என்பதை. சி.ஏ. என்று உறுதியாக முடிவெடுத்துவிட்ட பிள்ளையை எஸ்.ஆர்.சி.சி.க்கு அனுப்புவது, பயன்படாத பெயருக்குக் கொடுக்கும் பணம்.

பணத்தைப் பொறுத்தவரை எஸ்.ஆர்.சி.சி.யின் கல்விக் கட்டணம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. செலவு வேறு இடத்தில் இருக்கிறது. கல்லூரி விடுதியில் இடம் சொற்பம். கிடைக்காதவர்கள் கமலா நகர், விஜய் நகர், சக்தி நகர்ப் பக்கம் பி.ஜி. எனப்படும் அறைகளில் தங்குகிறார்கள். ஆண்டுக்கு இருமுறை ஊர் வந்துபோகும் ரயில் கட்டணம், டிசம்பர் குளிருக்கு வாங்க வேண்டிய துணி எல்லாவற்றையும் சேர்த்தால் கல்விக் கட்டணம் மொத்தச் செலவில் சிறு பங்காகச் சுருங்கிவிடும். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தகுதி பெற்ற கல்வி நிறுவனங்களில் சேர்வோர் பிணையின்றிக் கல்விக்கடன் பெறலாம். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியம் உண்டு.

வெளியூர்க் கல்விக்கூடத்துக்குப் போய்த் திரும்புவது திருவதிகைக்குப் புதிதில்லைதான். தமக்கை திலகவதியாரை விட்டுப் பாடலிபுத்திரமாகிய திருப்பாதிரிப்புலியூரின் சமண மடத்தில் கற்று, தருமசேனர் என்ற பெயரோடு அங்கேயே தலைமை பெற்ற அப்பர், சூலை நோயோடு திரும்பி வந்தது இந்த ஊருக்குத்தான் என்கிறது பெரியபுராணம். அந்தத் தூரம் ஒரு நாள் நடை. இப்போதைய தூரத்துக்குச் சான்றிதழ்கள் வேண்டும்.

கடலூர் மாவட்டத்துக் குடும்பங்கள் அடிக்கடி இடறும் இடமும் இந்தச் சான்றிதழ்தான். தமிழ்நாட்டில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்ற பிரிவு தனி. மத்தியப் பல்கலைக்கழகங்களில் அப்படி ஒன்று இல்லை. 27 சதவீத ஓ.பி.சி. மட்டுமே. கையில் இருக்கும் எம்.பி.சி. சாதிச் சான்றிதழை டெல்லியில் நீட்டினால் செல்லாது. மத்திய அரசின் படிவத்தில், வளமான பிரிவில் வரவில்லை என்ற குறிப்போடு, நடப்பு ஆண்டுக்குரிய ஓ.பி.சி. சான்றிதழைத் தாசில்தார் அலுவலகத்தில் வாங்க வேண்டும். நெய்வேலிக்கு இதில் இன்னொரு சிக்கல். பொதுத்துறை நிறுவனங்களின் எக்ஸிகியூட்டிவ் நிலைப் பதவிகளை அரசின் குரூப் ஏ பதவிகளுக்கு இணையாகக் கொள்ள வேண்டும் என்றும், வருமானம் 8 லட்சத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு என்றும் 2017இல் மத்திய அரசு முடிவு செய்தது. நெய்வேலியின் பொதுத்துறை நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யில் அதிகாரியாக இருப்பவரின் பிள்ளைக்கு இந்த ஒதுக்கீடு பெரும்பாலும் கிடைக்காது. அதே தெருவில் தொழிலாளியாக இருப்பவரின் பிள்ளை அந்த விதிக்குள் வருவதில்லை. கட்‑ஆஃபைக் கணக்குப் போடும் முன் எந்தப் பட்டியலில் நிற்கிறோம் என்பதைத் தெரிந்துகொள்ளாதவர்கள் ஜூலை மாதம் ஏமாறுகிறார்கள்.

தரவரிசைகளை நம்பி முடிவெடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தேசிய நிறுவனத் தரவரிசையின் கல்லூரிப் பட்டியலில் 2017இல் லயோலா இரண்டாமிடம், எஸ்.ஆர்.சி.சி. மூன்றாமிடம். 2024இல் லயோலா எட்டாமிடம், எஸ்.ஆர்.சி.சி. முதல் பத்திலேயே இல்லை. ஏழே ஆண்டில் ஒரு கல்லூரி அவ்வளவு கெட்டுப்போய்விடவில்லை. அந்தத் தரவரிசை கற்பித்தல் வசதிகளுக்கு 40 சதவீதம், மாணவர் அடைந்த பலனுக்கு 25, ஆராய்ச்சிக்கு 15, பலதரப்பினரையும் சேர்ப்பதற்கு 10, பெயர்மதிப்புக்கு 10 என்று எடை போடுகிறது. எடை போடப்படுவது முழுக் கல்லூரி. அதன் வணிகவியல் துறை அல்ல. அறிவியல் துறைகளின் ஆராய்ச்சிக் கட்டுரைகள் எண்ணப்படும் பட்டியலில், வணிகமும் பொருளாதாரமும் மட்டும் சொல்லித்தரும் கல்லூரி பின்தங்குவது இயல்பே.

இவ்விரண்டுக்கும் வெளியே மூன்றாவது வாசல் ஒன்று திறந்திருப்பதையும் குறிப்பிட வேண்டும். ஐ.ஐ.எம். இந்தூர் 2011இல் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஐந்தாண்டு ஒருங்கிணைந்த மேலாண்மைப் படிப்பைத் தொடங்கியது. ரோத்தக் 2019இலும், ராஞ்சி, ஜம்மு, புத்தகயா ஆகியவை 2021இலும் பின்தொடர்ந்தன. செலவு லட்சங்களில். எம்.பி.ஏ.தான் இலக்கு, கேட் எழுதும் வேலை வேண்டாம் என்பவருக்கு நேர்வழி. பதினேழு வயதில் அவ்வளவு உறுதி எல்லோருக்கும் இருப்பதில்லை.

கடைசியாக நாட்காட்டி. 2025இல் பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச் 25இல் முடிந்தது. க்யூட் விண்ணப்பக் கெடு அதற்கு ஒரு நாள் முன்பே முடிந்துவிட்டது. பிளஸ் டூ முடிவு மே 8இல் வந்தது. சென்னைக் கல்லூரிகள் உடனே சேர்க்கையைத் தொடங்கிவிட்டன. க்யூட் முடிவு வந்தது ஜூலை 4இல்; டெல்லியின் முதல் இட ஒதுக்கீடு அதற்கும் பிறகு. டெல்லி கிடைக்கும் என்று காத்திருந்து சென்னை இடத்தை விடுவது ஆபத்து. சென்னையில் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டு, ஜூலையில் டெல்லி கிடைத்தால் மாறிக்கொள்வதே நடைமுறை வழி. சேர்ந்த மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது. 2024‑25 கல்வியாண்டில், செப்டம்பர் 30க்குள் விலகுவோருக்குக் கட்டணத்தை முழுதாகத் திருப்பித்தர வேண்டும் என்றும் கூறியது.

சி.ஏ., அரசுத் தேர்வு, குடும்பத் தொழில் ஆகிய மூன்றில் ஒன்றை மனதில் வைத்திருப்பவருக்கு லயோலாவும், இடம் கிடைத்தால் அதன் உதவிபெறும் ஷிப்டுமே சரி. ஆலோசனை நிறுவனம், முதலீட்டு வங்கி, வெளிநாட்டு மேற்படிப்பு என்று போகத் துணிந்தவர் எஸ்.ஆர்.சி.சி.யைத் தேர்ந்தெடுக்கலாம். இன்னும் முடிவே எடுக்காதவர் க்யூட்டுக்கு விண்ணப்பித்து வைக்க வேண்டும், ஓ.பி.சி.க்குத் தகுதி இருந்தால் ஏப்ரல் மாதமே பண்ருட்டித் தாசில்தார் அலுவலகத்தில் அந்தச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.